சர்க்கரைவள்ளிக்கிழங்கு நூடுல்ஸ்: நாழியில் பிழிவதா, மாவெடுத்து ஊற்றுவதா?

திருவான்மியூர் மாடிவீடு:

எல்லோருக்கும் வணக்கம். தை பிறந்ததிலிருந்து எங்கள் பக்கத்துக் கடைகளில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு நிறைய வருகிறது, விலையும் மலிவு. அவித்தாயிற்று, பொரியல் ஆயிற்று, போளிக்குப் பூரணமும் வைத்தாயிற்று. பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் கொரிய நூடுல்ஸ் என்றால் உயிர். பளபளவென்று, ஒளி ஊடுருவுகிற மாதிரி, கடித்தால் ரப்பராக இழுபடும் வகைதான் அவளுக்கு வேண்டும். பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்தால் சர்க்கரைவள்ளிக்கிழங்கில் செய்தது என்று போட்டிருக்கிறது. அவ்வளவு கிழங்கு நம்மிடமே இருக்கும்போது வீட்டில் செய்ய முடியாதா?

என்னிடம் இடியாப்ப நாழி, மிக்சி, இட்லிப் பானை, இலை வடாம் தட்டு எல்லாம் இருக்கின்றன. வீட்டில் மாமியாருக்குப் பல் வலுவில்லை, மெத்தென்று வேண்டும். மாமனாருக்குச் சர்க்கரை நோய். மூவருக்கும் ஒன்றே ஒத்துவருமா என்றும் சொல்லுங்கள்.

பெரம்பூர் அடுப்படி:

தாராளமாகச் செய்யலாம்மா. நாழி இருக்கிறதே, அப்புறம் என்ன. எங்கள் வீட்டில் இது அடிக்கடி ராத்திரிப் பலகாரம்.

கிழங்கை முழுசாகத் தண்ணீரில் போட்டு வேகவைக்காதீர்கள். தோலைச் சீவி, விரல் கனத்துக்கு வில்லைகளாக நறுக்கி, இட்லிப் பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு தட்டில் பரப்பி ஆவியில் வேகவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். தண்ணீரிலேயே வெந்த கிழங்கு நீர் கோத்துக்கொள்ளும். அப்புறம் அரிசி மாவு நிறையப் பிடிக்கும், கிழங்கு ருசியே தெரியாது. சூடு ஆறுவதற்குள் மசித்து, சல்லடையில் போட்டுக் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்து இறக்குங்கள். நாழி அடைத்துக்கொள்வதற்கு நார்தான் காரணம். இந்த ஒரு வேலைக்கு அலுத்துக்கொள்ளாவிட்டால் பிழிவது ரொம்பச் சுலபம்.

மசியல் ஒரு டம்ளர் என்றால் வறுத்த இடியாப்ப மாவு ஒரு டம்ளர். உப்பு, ஒரு சின்னக் கரண்டி நல்லெண்ணெய். மசியல் சுடச்சுட இருக்கும்போதே மாவைக் கொட்டிக் கிளறிவிடுங்கள், அந்தச் சூட்டில்தான் அரிசி மாவுக்குப் பிடிமானம் வரும். இறுக்கமாகத் தெரிந்தால் கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசையுங்கள். கிழங்குக்குக் கிழங்கு ஈரம் மாறும், அதனால் தண்ணீருக்கு அளவு சொல்வது சரிப்படாது. உருட்டிப் பார்த்தால் வெடிப்பு விடக் கூடாது, உள்ளங்கையில் ஒட்டவும் கூடாது. அதுதான் பதம்.

இடியாப்ப அச்சு போட்டால் நூல் ரொம்ப மெல்லிசாக வந்து, தாளிக்கும்போது ஒடிந்துவிடும். அதைவிடச் சற்றுப் பெரிய கண் உள்ள அச்சைப் போடுங்கள். எண்ணெய் தடவிய இட்லித் தட்டில் பிழிந்து ஏழெட்டு நிமிடம் ஆவி காட்டி, முழுக்க ஆறின பிறகு உதிர்த்துவிடுங்கள். சூட்டில் கை வைத்தால் குழைந்துபோகும். கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, எலுமிச்சை பிழிந்து சேவை மாதிரி கிளறினால் மாமியாருக்கு நிச்சயம் பிடிக்கும்.

மாவுப்பால்:

அடுப்படி அம்மா சொன்னது அருமையான பலகாரம். மாமியாருக்கு அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் மகள் கேட்பது அந்த வழியில் எத்தனை முறை பிழிந்தாலும் வராது.

நான் சேலத்துப் பக்கம் பிறந்தவன், இப்போது அம்பத்தூரில் இருக்கிறேன். மரவள்ளிக்கிழங்கை அரைத்து, மாவுப்பாலைத் தெளியவைத்து, அடியில் தங்கும் வெள்ளை மாவில் ஜவ்வரிசி செய்யும் ஆலைகளைப் பார்த்தே வளர்ந்தேன். கொரியாவின் டாங்மியோன் நூடுல்ஸும் இதே கதைதான். அதில் கிழங்கின் சதை துளியும் கிடையாது. நார், நிறம், இனிப்பு எல்லாம் தண்ணீரோடு போய், சுத்தமான ஸ்டார்ச் மட்டும் மிஞ்சுகிறது. அதனால்தான் வெந்ததும் ஒளி ஊடுருவுகிறது. சீனாவின் சிச்சுவான் பகுதியில் புளிப்பும் காரமுமாகச் சாப்பிடும் சுவான் லா பென் என்ற நூடுல்ஸும் இதே கிழங்கு ஸ்டார்ச்சில் செய்வதுதான்.

இழுபடும் தன்மை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் செய்முறை தானாகப் புரியும். ஸ்டார்ச்சில் இரண்டு வகைச் சங்கிலிகள் இருக்கின்றன. கிளை கிளையாகப் பிரிந்திருக்கும் அமைலோபெக்டின் ஒன்று, பெரும்பாலும் நேராக ஓடும் அமைலோஸ் இன்னொன்று. மாவும் தண்ணீரும் சுமார் 65 முதல் 80 டிகிரிச் சூட்டுக்குள் வரும்போது மாவுமணிகள் ஊதி உடைந்து கூழாகின்றன. பிறகு குளிரும்போது அமைலோஸ் சங்கிலிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இறுகுகின்றன. அந்த இறுக்கம்தான் கடிக்கும்போது நாம் உணரும் ரப்பர்த்தனம். பச்சைப்பயறு ஸ்டார்ச்சில் அமைலோஸ் அதிகம், அதனால் அதில் செய்யும் கண்ணாடி நூடுல்ஸ் இன்னும் விறைப்பாக இருக்கும். மரவள்ளியில் குறைவு, அதனால் கொழகொழப்பு. சர்க்கரைவள்ளி இரண்டுக்கும் நடுவில்.

ஆகவே இந்த நூடுல்ஸுக்கு வேகவைப்பது பாதி வேலை, குளிரவைப்பது மீதிப் பாதி. இதை அவசரப்படுத்தவே முடியாது.

நங்கநல்லூர் வாசகி:

மாவுப்பால் சார், ஒரு கிலோ கிழங்குக்கு எவ்வளவு ஸ்டார்ச் கிடைக்கும்? மிக்சியில் அரைத்தால் போதுமா, கிரைண்டர் வேண்டுமா? மாவு பழுப்பாக வருகிறது என்று என் நாத்தனார் சொல்கிறாள்.

மாவுப்பால்:

மிக்சியே போதும்மா. வீட்டு முறையில் ஒரு கிலோவுக்கு 100 முதல் 150 கிராம் வரை காய்ந்த மாவு எதிர்பார்க்கலாம். எந்தக் கிழங்கு, எவ்வளவு புதுசு என்பதைப் பொறுத்தது. தோட்டத்திலிருந்து வந்த சூட்டில் கிழங்கில் ஸ்டார்ச் அதிகம் இருக்கும். வீட்டில் கிடக்கக் கிடக்க அது சர்க்கரையாக மாறிக்கொண்டே போகும். அவித்துச் சாப்பிட நாள்பட்டது நல்லது, மாவெடுக்கப் புதுசுதான் நல்லது. உள்ளே வெள்ளையாக, வெட்டினால் பால் கசிகிற கிழங்காகப் பாருங்கள்.

பழுப்பு நிறம் வருவது காற்றுப் படுவதால். வாழைக்காய் கறுப்பதற்கும் இதுதான் காரணம். தோலைச் சீவிய உடனே துண்டுகளைத் தண்ணீருக்குள் போட்டுவிடுங்கள். தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் இன்னும் நல்லது. பிறகு நிறையத் தண்ணீர் விட்டு நைஸாக அரைத்து, வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். தேங்காய்ப்பால் எடுக்கிற கைப்பக்குவம்தான். சக்கையில் மறுபடியும் தண்ணீர் விட்டு ஒருமுறை அரைத்துப் பிழிந்தால் மீதி மாவும் வந்துவிடும். வடித்த பாலை அகலப் பாத்திரத்தில் அசைக்காமல் வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் மாவு அடியில் கெட்டியாகப் படிந்துவிடும். மேலே நிற்கும் பழுப்புத் தண்ணீரை மெதுவாக இறுத்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மறுபடி தெளியவிடுங்கள். மேல் தண்ணீர் நிறமில்லாமல் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். சென்னை வெயிலில் வெளியே வைத்தால் புளித்து வாடை வந்துவிடும், தெளியவிடும்போது ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். நார்ச்சத்து முழுக்க அதில்தான் இருக்கிறது. அடை மாவில் கலந்தால் அடை மொறுமொறுவென்று வரும்.

இன்னொரு விஷயம் எல்லோருக்கும். வாங்கும்போது சின்னச் சின்ன ஓட்டை போட்ட கிழங்கு இருந்தால் எடுக்காதீர்கள். அது கூன்வண்டு துளைத்தது. வண்டு கடித்த கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கசப்புப் பொருளைச் சுரக்கும். அது வேகவைத்தாலும் போகாது, உடம்புக்கும் ஆகாது. ஓரத்தை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சேர்க்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

மேற்கு மாம்பலம் வடாம்:

இலை வடாம் தட்டு இருக்கிறது என்று சொன்னீர்களே, அது போதும். நூலாகப் பிழிவதை மறந்துவிடுங்கள். தகடாக வார்த்து நாடாவாக நறுக்குவதுதான் வீட்டுக்கு ஏற்ற வழி. எங்கள் வீட்டில் சித்திரையில் அரிசி இலை வடாம் போடுகிற அதே கைவேலை இது.

காய்ந்த கிழங்கு ஸ்டார்ச் 100 கிராம், தண்ணீர் 150 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. கரைத்தால் பால்போல இருக்கும், தோசை மாவுப் பதமெல்லாம் வராது. அப்படித்தான் இருக்க வேண்டும். வீட்டில் எடுத்த ஈர மாவு என்றால் தண்ணீரைப் பாதியாகக் குறைத்து ஆரம்பித்து, ஒரு தட்டு வார்த்துப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்டார்ச் கண்மூடித் திறப்பதற்குள் அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் அடிவரை கரண்டி விட்டுக் கலக்கியே ஊற்ற வேண்டும். இதில் கவனம் தப்பினால் முதல் தட்டு தண்ணீராகவும் கடைசித் தட்டு கல்லாகவும் வரும்.

தட்டில் எண்ணெய் தடவி, இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, சமமாகப் பரவும்படி ஒரு சுற்றுச் சுற்றி, கொதிக்கும் பானைக்குள் வையுங்கள். மூன்று நிமிடத்தில் வெள்ளை மறைந்து தகடு முழுவதும் தெளிந்துவிடும். நடுவில் வெண்மை தெரிந்தால் இன்னும் வேகவில்லை. எடுத்ததும் தட்டின் அடியைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு நிமிடம் மிதக்கவிட்டால் ஓரத்தைக் கிளப்பி ஒரே இழுப்பில் உரிக்கலாம். சூட்டோடு உரிக்கப் போனால் கிழியும்.

உரித்த தகடுகளுக்கு எண்ணெய் பூசி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூடி, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மாவுப்பால் சார் சொன்ன இறுக்கம் அதில்தான் வருகிறது. காலையில் சுருட்டி, எண்ணெய் தடவிய கத்தியால் நாடாவாக நறுக்க வேண்டியதுதான். கடையில் வருவது உருண்டை நூல், நம்முடையது பட்டை. வாயில் போட்டால் வித்தியாசம் ஒன்றும் பெரிதாகத் தெரியாது.

முகப்பேர் கரண்டி:

நூலாகவும் வீட்டில் செய்யலாம், பூந்திக் கரண்டி இருந்தால். சீனாவில் கையால் செய்கிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். 250 கிராம் மாவில் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் தனியே எடுத்துக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கரைத்து, அதன்மேல் 200 மில்லி கொதிநீரை ஊற்றிக் கிண்டினால் பசை கிடைக்கும். வெதுவெதுப்புக்கு ஆறியதும் மீதி மாவை அதில் போட்டுப் பிசைய வேண்டும். கையில் அள்ளித் தூக்கினால் அறாமல் தாரையாக ஒழுகுவதுதான் சரியான பதம். பூந்திக் கரண்டியில் ஊற்றித் தட்டினால் நூல்கள் நேராகக் கொதிநீருக்குள் இறங்கும். மிதந்து மேலே வந்ததும் அள்ளி ஐஸ் தண்ணீரில் போட வேண்டும். தண்ணீர் குதிக்கக் கூடாது, லேசாகக் கொப்புளித்தால் போதும். குதித்தால் நூல் அறுந்துவிடும். இதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் ஊற்ற, ஒருவர் அள்ள.

நங்கநல்லூர் வாசகி:

படிகாரம் சேர்த்தால் நூல் அறாது என்று ஒரு காணொளியில் சொன்னார்களே?

மாவுப்பால்:

சீனாவில் காலம்காலமாகச் சேர்த்து வந்ததுதான். படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது. வீட்டில் உடனே சமைத்துச் சாப்பிடுகிற நூடுல்ஸுக்கு அது எதற்கு? பிள்ளைகள் சாப்பிடுவது, வேண்டவே வேண்டாம். பசை சரியாகக் காய்ச்சினாலே நூல் அறாது.

அடையாறு தட்டு:

மாமனார் விஷயத்தை யாரும் தொடவில்லை. நான் உணவியல் படித்து ஆலோசனை சொல்லும் வேலையில் இருப்பவள், அதனால் எழுதுகிறேன்.

சர்க்கரைவள்ளிக்கிழங்கு சர்க்கரைக்காரர்களுக்கு நல்லது, ஆகவே அதில் செய்த நூடுல்ஸும் நல்லது என்று பலர் நம்பி வருகிறார்கள். இந்த நம்பிக்கையை நான் தினமும் எதிர்கொள்கிறேன், எனக்குக் கவலையாகவும் இருக்கிறது. கிழங்கில் இருக்கும் நார், பீட்டா கரோட்டின், தாது உப்புகள் எல்லாம் மாவெடுக்கும்போது சக்கையிலும் கழுவிய தண்ணீரிலும் போய்விடுகின்றன. மிஞ்சுவது கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. புரதம் இல்லை என்றே சொல்லலாம். குளிரவைப்பதால் ஒரு பகுதி ஸ்டார்ச் எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறும் என்பது உண்மை. அதை நம்பித் தட்டு நிறையச் சாப்பிடக் கூடாது.

நாழியில் பிழிவதிலும் பாதி அரிசி மாவு. அதுவும் கணக்கில் வர வேண்டும். கிழங்கு வேகிற விதமும் முக்கியம். சர்க்கரைவள்ளியில் பீட்டா அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. கிழங்கு மெதுவாகச் சூடேறும்போது அது ஸ்டார்ச்சை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கும். தணலில் சுட்ட கிழங்கு தேனாக இனிப்பது இதனால்தான். சின்ன வில்லைகளாக நறுக்கிக் கொதிக்கும் ஆவியில் சட்டென்று வேகவைத்தால் அந்த நொதிக்கு நேரம் கிடைக்காது. பெரம்பூர் அம்மா சொன்ன முறை இந்த வகையிலும் சரியானது.

மாமனாருக்கு ஒரு கைப்பிடி நூடுல்ஸ், அதைப்போல் இரண்டு மடங்கு காய்கறி, கூடவே முட்டையோ பன்னீரோ. அன்றைக்குச் சோறு வேண்டாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக் கருவியில் சர்க்கரை பார்த்து எழுதி வையுங்கள். அந்த அளவை அடுத்த முறை மருத்துவரிடம் காட்டினால் அவருக்கு எவ்வளவு தரலாம் என்று அவரே சொல்வார்.

பெரம்பூர் அடுப்படி:

நல்ல விளக்கம்மா. வில்லையாக நறுக்குவது சீக்கிரம் வேகும் என்பதற்காகத்தான் எங்கள் அம்மா சொல்லிக்கொடுத்தார். உள்ளே இவ்வளவு இருக்கிறது என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஈசிஆர் காளான்:

செய்வது எப்படி என்று நிறையப் பேசிவிட்டீர்கள், சமைப்பது பற்றி நான் சொல்கிறேன். இருங்காட்டுக்கோட்டையில் 1990-களின் கடைசியில் ஹூண்டாய் ஆலை வந்த பிறகு சென்னையில் கொரியக் குடும்பங்கள் பெருகி, கடைகளும் உணவகங்களும் வந்தன. என் அலுவலகத்திலும் கொரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக் கற்றதுதான் இது.

இந்த நூடுல்ஸில் அவர்கள் செய்யும் பெயர்பெற்ற உணவு ஜப்சே. 17-ஆம் நூற்றாண்டில் குவாங்ஹேகுன் என்ற அரசர் காலத்தில் அரண்மனையில் பரிமாறப்பட்டது என்பார்கள். அன்றைக்கு அதில் நூடுல்ஸ் இல்லை, காய்களும் காளானும்தான். நூடுல்ஸ் சேர்ந்தது 20-ஆம் நூற்றாண்டில். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஆட்கள் ஜப்சே செய்யும்போது நூடுல்ஸை மலையாகப் போட்டு நாலு துண்டு கேரட்டைத் தூவுகிறார்கள். காய்தான் அதில் பிரதானம். சரிக்குச் சரியாவது இருக்க வேண்டும்.

கடை நூடுல்ஸ் என்றால் அரை மணி நேரம் ஊறவைத்து, கொதிநீரில் ஆறேழு நிமிடம் வேகவைத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, கத்தரிக்கோலால் இரண்டு இடத்தில் வெட்டுங்கள். வீட்டில் வார்த்த பட்டைக்கு ஒரு நிமிடம் போதும். பசலைக்கீரையைக் கொதிநீரில் காட்டிப் பிழிந்து வையுங்கள். கேரட், குடைமிளகாய், வெங்காயம், மொட்டுக்காளான் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வதக்க வேண்டும். ஒன்றாகக் கொட்டினால் காளான் தண்ணீர் விட்டு எல்லாம் சொதசொதத்துவிடும். கடைசியில் சோயா சாஸ், கொஞ்சம் சர்க்கரை, நசுக்கிய பூண்டு, மிளகுத்தூள் சேர்த்து எல்லாவற்றையும் கையால் பிசறுவார்கள்.

எண்ணெய்தான் நுட்பமான இடம். கொரியர்கள் ஊற்றுவது வறுத்த எள்ளில் ஆட்டியது, வாசனை தூக்கலாக இருக்கும். நம் செக்கில் வறுக்காத எள்ளைக் கருப்பட்டி போட்டு ஆட்டுகிறோம், மணம் வேறு. நல்லெண்ணெயையே ஊற்றுங்கள், ஆனால் வெள்ளை எள்ளைப் பொன்னிறமாக வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்துக் கடைசியில் தாராளமாகத் தூவுங்கள். பெரும்பாலும் அந்த மணம் வந்துவிடும்.

வியாசர்பாடி அத்தோ:

இவ்வளவு பேசிவிட்டு நம் வடசென்னைக்கு வராமல் போகிறீர்களே. எங்கள் தாத்தா குடும்பம் 1960-களில் ரங்கூனிலிருந்து வந்தது. பாரிமுனையில் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் தள்ளுவண்டிகளைப் பார்க்காதவர்கள் உண்டா? நூடுல்ஸைக் கையால் பிசறிச் சாப்பிடும் வழக்கம் கொரியாவுக்குப் போய்த்தான் படிக்க வேண்டும் என்றில்லை, நம் ஊர்த் தெருவிலேயே இருக்கிறது.

அத்தோ நூடுல்ஸின் ஆரஞ்சு நிறம் சாயப்பொடியால் வருவது. எங்கள் வீட்டில் அதற்குப் பதில் ஆரஞ்சுச் சதை உள்ள சர்க்கரைவள்ளியைப் போடுகிறோம். நிறம் இயற்கையாகவே அப்படியே வந்துவிடுகிறது. எண்ணெயோடு சேரும்போது பீட்டா கரோட்டின் உடம்பில் நன்றாகச் சேரும் என்பது கூடுதல் லாபம். திருவனந்தபுரத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1963-இல் தொடங்கியது. அவர்கள் வெளியிட்ட பூ சோனா ரகம் உள்ளே அடர் ஆரஞ்சு, பூ கிருஷ்ணா ரகம் கத்தரிப்பூ நிறம். கிழங்கில் பாஸ்தா, நூடுல்ஸ் செய்யும் முறைகளையும் அவர்கள் ஆராய்ந்து உருவாக்கியிருக்கிறார்கள். சென்னைக் கடைகளில் ஆரஞ்சுக் கிழங்கு எப்போதும் கிடைக்காது, கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

அத்தோவுக்கு மேலே சொன்ன இரண்டு வகையுமே எனக்குச் சரிப்படவில்லை. நாழி வகை புளித்தண்ணீரில் கரைந்துவிடும், ஸ்டார்ச் வகை வழுக்கிக்கொண்டு போகும், மசாலா ஒட்டாது. நாங்கள் மூன்றாவதாக ஒன்று செய்கிறோம். ஒரு டம்ளர் மசியலுக்கு இரண்டு டம்ளர் மைதா, உப்பு, தண்ணீரே சேர்க்காமல் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். ஒட்டினால் மாவு கூட்டலாம். மெல்லிய சப்பாத்தியாகத் திரட்டி, மாவு தூவி மடித்து, நறுக்கி உதறி, கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து எண்ணெய் தடவினால் முடிந்தது. கோதுமை மாவிலும் வரும், கொஞ்சம் தடித்து நிற்கும்.

பூண்டைச் சீவி எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து எடுத்து, அந்த எண்ணெயை அப்படியே வையுங்கள். வெங்காயத்தையும் மொறுமொறுப்பாகப் பொரியுங்கள். ஒரு தட்டு நூடுல்ஸுக்கு மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸும் பச்சை வெங்காயமும் ஒரு பிடி, பொரித்த வெங்காயம், பூண்டு, இரண்டு கரண்டி பூண்டு எண்ணெய், கெட்டிப் புளித்தண்ணீர், வறுத்து இடித்த மிளகாய், ஒரு கரண்டி பொட்டுக்கடலை மாவு, உப்பு, கொத்தமல்லி. பேஜோ என்ற மொறுமொறு பர்மாத் தட்டை இருந்தால் நொறுக்கிப் போடுங்கள், இல்லையென்றால் நம் ஊர்த் தட்டையை நொறுக்குங்கள். எலுமிச்சை பிழிந்து விரலால் பிசறி உடனே சாப்பிட வேண்டும். கிழங்கின் இனிப்பும் புளியும் சேருகிற இடம் இருக்கிறதே, சாதா அத்தோவில் அது கிடையாது. பக்கத்தில் சூடாக வாழைத்தண்டு சூப் அவசியம்.

ஈசிஆர் காளான்:

வியாசர்பாடி சகோ, வாயூறுகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அத்தோதான்.

திருவான்மியூர் மாடிவீடு:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மாம்பலம் மேடம் சொன்னபடி தகடு வார்த்தோம். ஒரு கிலோ கிழங்கில் வந்த மாவு இரண்டு பேருக்கான நூடுல்ஸுக்குத்தான் கட்டியது. ஆனால் மகள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள், கடை நூடுல்ஸ் மாதிரியே இழுக்கிறது என்றாள். மாமியாருக்கு நாழி வகையில் எலுமிச்சை சேவை. மாமனாருக்குக் காய்கறியோடு ஒரு கைப்பிடி, சர்க்கரை பார்த்து எழுதி வைத்திருக்கிறோம்.

இரண்டு கேள்விகள். ஒவ்வொரு முறையும் மாவெடுப்பது பெரிய வேலையாக இருக்கிறது. மரவள்ளி மாவு கலக்கலாமா? நாடாவாக நறுக்கியதை வடாம் மாதிரி மாடியில் காயவைத்து எடுத்து வைக்கலாமா?

மாவுப்பால்:

கலக்கலாம், கால் பங்குக்கு மேல் போகாதீர்கள். மரவள்ளி கூடினால் ஒட்டும், இழுவை குறையும். என் யோசனை, கொரியப் பொருள்கள் விற்கும் கடையில் சர்க்கரைவள்ளி ஸ்டார்ச் பாக்கெட்டாகவே கேட்டுப் பாருங்கள். மாவெடுப்பதை வருடத்தில் கிழங்கு மலிந்த நாளில் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யுங்கள், அவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய வேலை அது. மற்ற நாளுக்குப் பாக்கெட் போதும்.

மேற்கு மாம்பலம் வடாம்:

காயவைக்கலாம். ஃபிரிட்ஜில் இறுகிய பிறகுதான் நறுக்கிக் காயப்போட வேண்டும், பச்சையாகப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். முதலில் நிழலில் விசிறிக் காற்றில் மேல் ஈரம் போகட்டும். நேரே உச்சி வெயிலில் பரப்பினால் மேலே சட்டென்று காய்ந்து, உள்ளே ஈரம் நின்று, வெடித்துவிடும். அதற்குப் பிறகு வெயில். மாசி முதல் சித்திரை வரை நன்றாகக் காயும். நீங்கள் கடல் பக்கம் இருக்கிறீர்கள், சாயங்காலக் காற்றில் ஈரம் அதிகம், நாலு மணிக்கே உள்ளே எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் முயற்சியே வேண்டாம், பூஞ்சை பிடித்துவிடும். ஒடித்தால் சடக்கென்று ஒடிகிற வரை காய்ந்திருந்தால்தான் டப்பாவில் போட வேண்டும்.

காயவைக்காமல் ஃபிரிட்ஜில் வைப்பதென்றால் எண்ணெய் தடவி இரண்டு நாள் வைக்கலாம். வெள்ளையாகி விறைத்துப் போயிருக்கும், கெட்டுவிட்டது என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டால் மறுபடியும் தெளிந்து இளகிவிடும். பச்சைக் கிழங்கை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. குளிரில் நடுப்பகுதி கட்டை தட்டி, அப்புறம் எவ்வளவு வேகவைத்தாலும் மசியாது. கூடையில், காற்றுப் படும் இடத்தில் போட்டு வையுங்கள்.